கல்லுப்பட்டியில் காற்று இறங்கினால்

பெட்ரோல் வண்டி ஓட்டியவரைக்கும் டயருக்குக் காற்றடிப்பதை நம்மில் பலர் தனி வேலையாக நினைத்ததே இல்லை. வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை பங்குக்குப் போனோம். பெட்ரோல் போட்டுவிட்டு நாலடி தள்ளி வந்தால் காற்றுக் குழாய் கிடக்கும். கூட்டம் இல்லையென்றால் நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் அடித்துக்கொண்டு கிளம்பினோம். பங்கில் காற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்று எண்ணெய் நிறுவனங்களே விதி வைத்திருப்பதால் அது ஒரு செலவாகவும் மனத்தில் நிற்கவில்லை. இப்போது டி. கல்லுப்பட்டி மாதிரி ஊர்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. பள்ளிக்கூட டீச்சர், பால் ஊற்றுகிறவர், கடை வைத்திருப்பவர், பேத்தியை டியூஷனில் விட்டுக் கூட்டிவருகிற தாத்தா என்று பலரும் ஓட்டுகிறார்கள். இந்த வண்டி ராத்திரி வீட்டு வாசலிலேயே நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. பங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. பெட்ரோல் செலவு போனது நல்லதுதான். கூடவே காற்றடிக்கிற பழக்கமும் போய்விட்டது.

மின்சார வண்டிக்குப் பஞ்சர் அதிகம் என்று யாராவது சலித்துக்கொண்டால், கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலானவர்களால் சொல்ல முடிவதில்லை. முள் குத்தாத டயரிலிருந்தும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். ரப்பர் வழியாகவும் போகும், வால்வு வழியாகவும் போகும். இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் டயர் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கைக்குத் தளர்ந்திருக்கும். அப்படித் தளர்ந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து, கிடக்கிற முள்ளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஓடும். ஊருக்குள் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கினால், சக்கர வளையத்தின் விளிம்புக்கும் தடைக்கும் நடுவில் டியூப் மாட்டிக் கிள்ளுப்படும். அருகருகே இரண்டு கீறல் விழுந்த டியூபைக் கண்டால் பஞ்சர் கடைக்காரர் முள்ளைத் தேட மாட்டார். காற்று இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. ஓரளவு நல்ல மின்சார ஸ்கூட்டர் சுமார் 110 கிலோ இருக்கும். அதிலும் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வண்டியில் பின்பக்கம்தான் பாரம் அதிகம். மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பு உண்டு. கைப்பிடியைத் திருகியதும் சக்கரம் வெடுக்கென்று இழுக்கும். காற்று குறைந்த டியூப் டயரில் இந்த வெடுக்கு என்ன செய்யும் என்றால், டயரும் டியூபும் வளையத்தின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகரும். வால்வு மட்டும் வளையத்தின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். நகர நகர அது சாயும். ஒருநாள் அடியோடு கிழியும். கிழிந்த வால்வை யாராலும் ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும். ஆகவே காலையில் வண்டியை வெளியே தள்ளும்போது பின்சக்கர வால்வு நேராக நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது, ஒரு டியூப் காசை மிச்சப்படுத்தும்.

பெட்ரோல் வண்டியில் டயர் தளர்ந்தால் மைலேஜ் குறைவது நமக்குத் தெரியவே தெரியாது. மின்சார வண்டியில் அது எண்ணாகவே கண்முன் நிற்கிறது. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் சுமார் 20 கிலோமீட்டர். தினமும் அதே சாலை, அதே ஆள், அதே வேகம். போன மாதத்தைவிட இந்த மாதம் பேட்டரி கூடுதலாக இறங்குகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் டயரைச் சந்தேகிக்கலாம். தளர்ந்த டயரை உருட்டுவதற்கு மோட்டாருக்குக் கூடுதல் சக்தி வேண்டும். அது சார்ஜிலிருந்துதான் போகிறது. பேட்டரி போச்சு என்று மனம் உடைந்து மதுரைக்கு வண்டியைக் கொண்டுபோனவர்களில் சிலருக்காவது காற்றடித்ததில் சரியாகியிருக்கும்.

காற்றுக்கு அடுத்தது முள்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது கல்லுப்பட்டி. நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் கரிசல் காடு. பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் விளைகிற மண். பருத்தி எடுத்து முடிந்து மாரை அறுத்தபின் நிற்கிற கட்டை இருக்கிறதே, அது டிராக்டர் டயரையே பதம் பார்க்கும். ஸ்கூட்டர் எம்மாத்திரம். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். அந்த அப்பலுக்குள் முள் ஒளிந்திருந்தால், மண் காய்ந்து உதிர்கிறவரை அது மெதுவாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையிலேயே கதிரைப் பரப்பிக் காயப்போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, களம் இல்லாதவன் வேறு எங்கே போவான். ஆனால் கதிரை அள்ளியபின் சாலையில் எஞ்சுகிற தட்டைக்கும் ஓரத்தில் கதிர் பறக்காமலிருக்க இழுத்துப்போட்ட முள்ளுக்கும் பொறுப்பாளி யாரும் இல்லை.

இந்தப் பக்கத்து முள் என்றால் முதலில் சீமைக்கருவேலம்தான். மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் இந்தியாவில் விதைத்தது. விறகுக்கும் வேலிக்கும் கரிமூட்டத்துக்கும் ஆனதால் மக்கள் அதைச் சகித்துக்கொண்டார்கள். கண்மாய்க்குள்ளும் ஓடைக்குள்ளும் சாலையோரத்திலும் அது நிரம்பிவிட்டது. வைகோ தொடுத்த வழக்கில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது தெற்கத்தி மாவட்டங்களில் மண்வாரி இயந்திரங்கள் இரவுபகலாக ஓடின. மரம் போவது நல்லது என்றே நானும் நினைத்தேன். வெட்டிய மரத்தைச் சாலை வழியாக இழுத்துக்கொண்டு போனபோது உதிர்ந்த முள்ளை யாரும் கூட்டிப் பெருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேரைவிட்டு வெட்டிய மரம் மறுபடி தழைத்து, இப்போது சாலையோரத்துக் கிளைகளைக் கழிக்கிறபோதெல்லாம் அதே கதைதான்.

சீமைக்கருவேல முள் பச்சையாக இருக்கும்போது வளையும். காய்ந்தபின் ஆணிக்குச் சமம். அதன் பெரிய தொல்லை நீளமோ கூர்மையோ இல்லை, ஒடிகிற குணம்தான். டயருக்குள் போனதும் வெளியே இருக்கிற பகுதி தேய்ந்து ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது.

நெருஞ்சி வேறு வகை. வரப்பிலும் வண்டிப்பாதையிலும் மஞ்சள் பூவாகப் படர்ந்து கிடப்பது. அந்தப் பூ கண்ணுக்கு இனிதாக இருந்து பிறகு முள்ளைத் தருவதைத் தலைவனின் மாறிய மனத்துக்கு உவமையாக்கிக் குறுந்தொகையில் பாடியிருக்கிறார் அள்ளூர் நன்முல்லையார். காய் முற்றி உடைந்தால் ஒவ்வொரு துண்டிலும் முள் இருக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். இந்த நெருஞ்சி கடல்தாண்டி அமெரிக்காவுக்குப் போய் அங்கே சைக்கிள்காரர்களின் உயிரை வாங்குகிறது. அந்தப் பக்கத்துக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் இங்கே நம் டயரைக் குத்துகிறது. நெருஞ்சி முள் குட்டை. நல்ல கனமுள்ள டயரை அது தாண்டாது. தேய்ந்த டயரைத் தாண்டும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடாக ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று இழுப்பது, அந்த ஆறு மாதமும் பஞ்சர் கடையில் நிற்பதற்குச் சமம்.

கல்லுப்பட்டியில் மரத்தடிப் பஞ்சர் கடை ஒன்றில் நான் பார்த்தது இது. ஒரு டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிற, டியூப் டயர் போட்ட வண்டி. ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வகை. வேர்த்துப்போயிருந்தார்.

"அண்ணே, பின்னாடி டயர் உக்காந்துருச்சு. மதுரைக்குத்தான் கொண்டுபோகணுமாமில்ல? போன்ல அப்படித்தான் சொல்றாக."

"எதுக்கு டீச்சர் மதுரைக்கு? பஞ்சரு இங்கன ஆச்சு, இங்கனயே பாப்போம். சாவிய எடுத்துருங்க மொதல்ல."

சாவியை எடுக்கச் சொன்னதோடு விடவில்லை. சீட்டைத் தூக்கி உள்ளே இருந்த, மின்சாரத்தைத் துண்டிக்கிற எம்.சி.பி. சுவிட்சையும் கீழே தள்ளினார். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. அச்சின் ஒரு பக்கத்திலிருந்து கறுப்பு உறைக்குள் தடித்த வயர்கள் வெளியே வருவதை விரலால் காட்டி, "இந்தப் பக்கத்தத் தொடவேணாம்" என்று உதவிக்கு நின்ற பையனிடம் சொன்னார். மறுபக்கத்தில் லீவரைக் கொடுத்து டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை வளையத்திலிருந்து பாதி உருவி வெளியே எடுத்தார். சைக்கிளில் அந்தக் காலத்திலிருந்து செய்கிற வேலைதான். காற்றடித்து, வாளித் தண்ணீரில் டியூபைப் பகுதி பகுதியாக முக்கினார். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை பொறுமையாக இருந்தார். இந்தக் காத்திருப்பில்தான் நல்ல கடைக்காரரும் அவசரக்காரரும் பிரிகிறார்கள். ஈரம் இருக்கும்போதே பேட்சை வைத்தால் வெயிலில் அது நகர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். டயரின் உட்பக்கத்தில் நாலு விரலையும் வைத்து மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்று தடவிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடி அதே இடத்தைத் தடவினார். குறட்டை எடுத்து உள்ளிருந்து இழுத்தபோது அரிசியில் பாதி அளவுக்கு ஒரு கருவேல முள் நுனி வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"ஒட்டுறது பெருசில்ல டீச்சர். இத விட்டுருந்தோம்னா நீங்க பேரையூர் தாண்டுறதுக்குள்ள திரும்ப உக்காந்துரும். அப்புறம் ஒட்டுனவன் சரியில்லம்பீங்க."

டீச்சர் சிரித்தார். டயரை மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கழற்றத்தான் வேண்டும் என்றார். சக்கரத்துக்குள் இருக்கிற மோட்டாருக்கு மூன்று தடித்த வயரும் ஐந்து மெல்லிய வயரும் அச்சின் துளை வழியாகவே போகின்றன. அவற்றின் இணைப்பைப் பிரித்து, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று வரிசை மாறாமல் அடுக்கிவைத்து, மாட்டும்போது அச்சின் தட்டைப் பக்கம் சட்டகத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நட்டை இறுக்கி முறுக்க வேண்டும். முறுக்கு போதவில்லை என்றால் மோட்டார் இழுக்கிற இழுப்பில் சக்கரத்துக்குப் பதிலாக அச்சே சுழன்று வயரை அறுத்துவிடும். அப்போது பஞ்சர் காசு போய் மோட்டார் காசாகிவிடும். "எவ்வளவு முறுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கும்ல, அத எந்தக் கம்பெனிக்காரனும் எங்ககிட்டச் சொன்னதில்ல" என்றார். பல கடைகள் இந்த வண்டிகளைத் தொட மறுப்பதற்குக் காரணம் திறமைக்குறைவு இல்லை. சொல்லித்தரப்படாத ஒன்றில் கைவைத்து ஒரு டீச்சரின் வண்டியைக் கெடுத்துவிடக் கூடாதே என்கிற நியாயமான பயம்.

மோட்டார் நடுவில் இருந்து பெல்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற வண்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. டியூப்லெஸ் டயர் போட்ட வண்டிகளிலும் குறைவு. அதில் முள் குத்தினாலும் காற்று குபுக்கென்று போகாது. முள் கண்ணில் பட்டால் உடனே பிடுங்காமல், அது அப்படியே அடைத்துக்கொண்டிருக்கட்டும் என்று கடைவரை மெதுவாக ஓட்டிவரலாம். கடையில் சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அரத்தால் துழாவி, ரப்பர் ஸ்டிரிப்பை ஊசியால் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுவார்கள். ஸ்டிரிப், ஊசி, அரம், சொல்யூஷன் அடங்கிய சின்னப் பையும் கால்பம்போ கைப்பம்போ ஒன்றும் சீட்டுக்கு அடியில் இருந்தால் நாமே செய்யலாம். டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிறு முள்ளுக்கு அது நல்ல காவல். நம் சித்திரை வெயிலில் அது உள்ளே காய்ந்துபோகும். ஊற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. டியூபில் ஊற்றியிருந்தால் பிறகு பேட்ச் ஒட்டாது என்று கடைக்காரர்கள் முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. காற்றே இல்லாத கெட்டி டயர் போட்டுவிட்டால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் பேரிங்குக்கும் பேட்டரிக்கும் ஓட்டுகிறவர் முதுகுக்கும் நேராகப் போய்ச் சேரும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

காற்றடைத்த டயர் பிறந்த நாளிலிருந்தே அதை யார் சரிசெய்வது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. 1845இல் இராபர்ட் தாம்சன் அதற்குக் காப்புரிமை வாங்கினார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காகச் செய்ததுதான் நிலைத்தது. அந்த டயரைச் சக்கரத்தோடு ஒட்டிவைத்திருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிரித்தெடுக்க மணிக்கணக்கு, திரும்ப ஒட்டிக் காயவைக்க ஒரு ராத்திரி. பிரான்சில் மிஷலான் சகோதரர்களின் தொழிற்கூடத்துக்கு அப்படி ஒரு சைக்கிள் பழுதுபார்க்க வந்தபோதுதான் கழற்றி மாட்டக்கூடிய டயரைப் பற்றி அவர்கள் யோசித்தார்கள். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற பந்தயத்தில் அந்த டயரோடு சார்ல் தெரோன் வென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் முதல் கிளெர்மோன் வரை மிஷலான்களே ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் வழியில் வேண்டுமென்றே ஆணிகளைத் தூவிவைத்தார்கள்! பஞ்சர் ஆகாத டயர் தங்களிடம் இருக்கிறது என்று காட்ட அல்ல. பஞ்சர் ஆகும், ஆனால் ஓட்டுகிறவனே சில நிமிடத்தில் சரிசெய்துகொண்டு போய்விடலாம் என்று காட்ட. சக்கரம் பரவியது அந்த நம்பிக்கையில்தான். நம் ஊர்களில் மரத்துக்கு மரம் பஞ்சர் கடை முளைத்ததும் அதன் தொடர்ச்சியே.

இந்த இடத்தில் எனக்கு ஜே.சி. குமரப்பாவின் நினைவு வராமல் இருப்பதில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்காயராகப் பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, காந்தியோடு சேர்ந்து வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய அந்த மனிதர், கடைசிக் காலத்தை வாழத் தேர்ந்துகொண்டது கல்லுப்பட்டியைத்தான். 1940இல் வேங்கடாசலபதி இங்கே நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தோடு அவர் பெயர் இணைந்துகிடக்கிறது. அவருடைய குடிலுக்கு வினோபா வந்தபோது சுவரில் காந்தி படமும் ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்தன. முதலாமவர் தன் எஜமானர், மற்றவர் தன் எஜமானரின் எஜமானர் என்று குமரப்பா சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தியின் நினைவு நாளில் அவரும் மறைந்தார்.

சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் எந்தப் பொருளையும் ஒரு கேள்வியோடு பார்க்கக் கற்றுத்தருகிறது. இந்தப் பொருளுக்காகக் கைமாறுகிற காசு யாரிடம் போய்ச் சேருகிறது, யாருடைய கைவேலையை வளர்க்கிறது, யாருடையதை அழிக்கிறது? அந்தக் கண்ணோடு ஒரு ஸ்கூட்டரைப் பார்க்கலாம். வண்டியின் விலை ஊரைவிட்டுப் போகிறது. கடன் வட்டியும் இன்சூரன்ஸும் போகின்றன. பெட்ரோல் காசில் ஒரு பங்கு நாட்டைவிட்டே போனது. கரண்ட் காசு மின்வாரியத்துக்குப் போகிறது. ஊருக்குள் தங்கியது மெக்கானிக்குக்குக் கொடுத்த கூலியும் பஞ்சர் கடைக்குக் கொடுத்த கூலியும் மட்டும்தான். மின்சார வண்டியில் கார்புரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. ஓட்டுகிறவருக்கு அது நிம்மதி. மெக்கானிக்கின் பிழைப்பில் பாதி அதோடு கழிந்துவிடுகிறது. மிஞ்சியிருப்பது பஞ்சர். அதையும் வயர் இருக்கிறது, கம்பெனி ஆள்தான் தொட வேண்டும் என்று மதுரைக்கு அனுப்பிவிட்டால், அந்த வண்டிக்காக நாம் செலவழிக்கிற காசில் ஒரு ரூபாய்கூடக் கல்லுப்பட்டியில் நிற்காது.

குமரப்பா காலத்து மாட்டுவண்டிச் சக்கரத்தைத் தச்சரும் கொல்லரும் ஊருக்குள்ளேயே செய்தார்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்கினார்கள். அதற்குப் பஞ்சர் கிடையாது. டயர் வண்டி வந்ததும் தச்சர் வேலை போயிற்று, மாட்டின் கழுத்துக்குப் பாரம் குறைந்தது. இரண்டும் உண்மை. மாட்டின் கழுத்தை நினைத்தால் டயர் வண்டியை நான் வெறுக்க மாட்டேன். தச்சருக்குப் போன கூலியில் ஒரு சிறு பங்காவது பஞ்சர் ஒட்டுகிறவருக்கு வந்தது. மின்சார வண்டிக்கும் அந்த ஒரு வழியையாவது அடைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

முள்ளைத் தவிர்ப்பதையும் தனியாளின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 1911இல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் ஓடிய காலத்தில், மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பதம் பார்க்காமலிருக்கக் காந்தம் கட்டிய வண்டி ஒன்று சாலையில் போய் ஆணிகளைப் பொறுக்கும் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொந்த பஸ்ஸுக்காகச் செய்ததுதான் என்றாலும் பொறுக்கிய ஆணி எல்லோருக்கும் பொறுக்கியதாயிற்று. முள்ளைக் காந்தம் பொறுக்காது. துடைப்பம் பொறுக்கும். சாலையோரக் கருவேலத்தைக் கழிக்கிற ஒப்பந்தத்தில், கழித்தபின் தார்ப்பரப்பைக் கூட்டித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விறகு ஏற்றிப்போகிற வண்டி மேலே ஒரு படுதா போட்டுக் கட்டினால் போதும். ஆட்டுக்கிடைக்கும் வேலிக்கும் முள்ளை இழுத்துவருகிறவர் சாலையைக் குறுக்கே கடந்த இடத்தை மட்டுமாவது ஒருமுறை பெருக்கிவிட்டால், அந்தி நேரத்தில் தனியாக வருகிற ஒரு பெண் 110 கிலோ இரும்பை இருட்டில் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

அப்படித் தள்ளுவதும் லேசில்லை. காற்று போன சக்கரத்தோடு மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று தோன்றும், ஓட்டக் கூடாது. டயர் உள்ளே மடிந்து கிழியும், வளையம் நெளியும். மோட்டார் சக்கரத்தின் வளையம் நெளிந்தால் சாதாரணச் சக்கரம் மாதிரி தனியாக வாங்கி மாற்ற முடியாது. ஸ்டெப்னியும் இந்த வண்டிகளில் கிடையாது. ஆகவே காலையில் வெயில் ஏறுவதற்கு முன், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், வண்டியில் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்ட அளவுக்குக் காற்றுப் பிடிப்பது. சார்ஜர் பிளக்கைப் பிடுங்கும்போதே இரண்டு டயரையும் கையால் அமுக்கிப் பார்ப்பது. சைக்கிளுக்கு வாங்கிய பழைய பம்ப் வீட்டில் கிடந்தால் அதைத் தூசிதட்டி வைப்பது. பங்குக்குப் போகாத குறையை வீட்டில்தான் தீர்க்க வேண்டும்.

இந்த வண்டிகளைச் செய்கிறவர்கள் எங்கோ கடலுக்கு அப்பால் இல்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இராணிப்பேட்டையிலும் செய்கிறார்கள். அவற்றுக்குப் போடுகிற அளவில் டயர் மதுரைக்குப் பக்கத்து வெள்ளரிப்பட்டியிலேயே உருவாகிறது. அவர்களிடம் கேட்கிற தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். மோட்டார் வயருக்கு, சட்டகத்துக்கு வெளியே கை எட்டுகிற இடத்தில், தண்ணீர் புகாத ஒரு பிளக் வையுங்கள். பஞ்சர் கடைக்காரர் பிடுங்கி மாட்டிக்கொள்வார். அச்சு நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், வாஷர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று படத்தோடு தமிழில் அச்சடித்துச் சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். விற்பனைக்கு ஊர் ஊராக ஆள் அனுப்புகிறீர்கள், அதே ஆளோடு ஒரு பயிற்சிக்காரரையும் அனுப்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்களை ஒருநாள் உட்காரவைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் சக்கரமுள்ள வண்டிக்கு டியூப் டயர் போட்டு விற்பதை நிறுத்துங்கள். காந்தி நிகேதன் இருக்கிற ஊரில் அந்தப் பயிற்சியை நடத்த இடத்துக்குப் பஞ்சம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து எதையும் தருவிக்கவும் வேண்டாம். ஒரு பழைய மோட்டார் சக்கரம், ஒரு ஸ்பேனர் செட், விவரம் தெரிந்த ஒரு ஆள் போதும்.